வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு எங்கே விழுகிறது? மலை ஊர்களுக்கான ஒரு விளக்கம்

கிறிஸ்துமஸில் தொடங்கித் தைப்பூசம் முடியும் வரையிலான வாரங்களில், திருமண ஊர்வலத்திலோ புத்தாண்டு நள்ளிரவிலோ துப்பாக்கியை உயர்த்திப் பிடித்துச் சுடும் காணொளிகள் வாட்ஸ்அப் குழுக்களில் வரிசையாக வந்து சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வட இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ மேற்கு ஆசியாவிலோ எடுக்கப்பட்டவை. ஆனாலும் அவற்றைப் பார்க்கும் நீலகிரி, பழனி மலைவாசிகளிடையே இரண்டு கருத்துகள் உறுதியாக நிலவுகின்றன. மேலே பார்த்துச் சுட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது என்பது ஒன்று. மேலே போன குண்டு போன வேகத்திலேயே திரும்பி வந்து தலையைத் துளைக்கும் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதலாவது கருத்து ஆபத்தை இல்லாததாக்குகிறது. இரண்டாவது ஆபத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு இங்கே நடைமுறை முக்கியத்துவம் உண்டு. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்ற ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் தோட்டங்களிலும் சில விவசாயிகளிடமும் இருக்கின்றன. உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல் துறையும் வனத் துறையும் இரு மலைகளிலும் அவ்வப்போது பறிமுதல் செய்து வருகின்றன. சமவெளியில் இருக்கும் ஒருவருக்குக் காணொளியில் மட்டும் தெரியும் பொருள், மலையில் பக்கத்து வீட்டுப் பரணில் இருக்கக்கூடும்.

அடிப்படை: ஒரு தோட்டாவுக்குள் நடப்பது

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு, ரவை ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் அவற்றைப் பிரித்தே பயன்படுத்துவோம்.

1. தோட்டா என்பது முழுப் பொதி. பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கூடு, அதன் அடியில் தட்டினால் பற்றும் பொட்டு, உள்ளே உந்து மருந்து, முனையில் குண்டு அல்லது ரவைகள் ஆகியவை சேர்ந்ததே தோட்டா. உந்து மருந்து நீலகிரிக்கு அந்நியமானதன்று. அருவங்காட்டின் கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அதைத்தான் செய்துவருகிறது.

2. குண்டு என்பது குழலை விட்டு வெளியேறிப் பறக்கும் ஒற்றை உலோகத் துண்டு. ரைஃபிள், கைத்துப்பாக்கி ஆகியவற்றின் குழலுக்குள் திருகுபோல் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைப் பம்பரமாகச் சுழலவிடுவதால் அது முனை முன்னோக்கியவாறே நெடுந்தூரம் செல்லும்.

3. ரவை என்பது 12 போர் (bore, குழலின் உள்ளளவைக் குறிக்கும் சொல்) போன்ற வழவழப்பான குழலிலிருந்து ஒரே நேரத்தில் கூட்டமாக வெளியேறும் ஈயச் சிறு உருண்டைகள். பறவைக்கான ரவை இரண்டரை மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும். பன்றிக்கும் மானுக்கும் என்று விற்கப்பட்ட எல்.ஜி. ரவையின் விட்டம் 9 மில்லிமீட்டர் அளவு. நாட்டுத் துப்பாக்கியில் ஈய உருண்டைக்குப் பதிலாகச் சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகளையும் கருமருந்தோடு இடித்து அடைக்கிறார்கள்.

4. வெற்றுத் தோட்டாவில் மருந்து உண்டு, குண்டு இல்லை. அரசு மரியாதையின்போது துப்பாக்கிகள் முழங்குவது இந்த வகைத் தோட்டாவால்தான்.

மேலே போகும் குண்டு, கீழே வரும் குண்டு

போர்த் துப்பாக்கி ஒன்றின் குண்டு குழல்முனையை விட்டு நொடிக்கு 700 முதல் 850 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. இது ஒலியின் வேகத்தைவிட இருமடங்குக்கும் அதிகம். நேர் மேலே செல்லும்போது புவியீர்ப்பும் காற்றுத் தடையும் சேர்ந்து அதை நிறுத்துகின்றன. உச்சியில் ஒரு கணம் வேகம் சுழியமாகிறது. அங்கிருந்து கீழே விழும்போது வேகம் கூடக் கூட, அதை எதிர்க்கும் காற்றுத் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் எடையும் தடையும் சமமாகிவிட, அதன்பின் வேகம் கூடுவதில்லை. பள்ளிப் பாடநூல்கள் முற்றுத் திசைவேகம் என்று சொல்வது இதைத்தான். எனவே எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும், போன வேகத்தில் குண்டு திரும்பி வருவதில்லை.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கப் படைத் தளவாட அதிகாரி ஜூலியன் ஹாட்சரின் குழு, புளோரிடாவில் நீர்ப்பரப்பின் நடுவே ஒரு சிறு மேடை அமைத்து, இயந்திரத் துப்பாக்கியை நேர் மேலே நிறுத்திச் சுட்டது. 10 கிராமுக்குச் சற்றுக் குறைவான ஒரு ரைஃபிள் குண்டு சுமார் 9,000 அடி உயரம் சென்று, ஏறத்தாழ 50 விநாடிகளில், நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் திரும்பி வரும் என்று அவர்கள் கணித்தனர். சுட்ட 500க்கும் மேற்பட்ட குண்டுகளில் மேடைமீது விழுந்தவை நான்கு மட்டுமே. மற்றவற்றைக் காற்று எங்கெங்கோ கொண்டு சென்றுவிட்டது. தேர்ந்த வீரர்கள், அசையாத தாங்கி, திட்டமிட்ட சோதனை ஆகிய அனைத்தும் இருந்தும் கிடைத்த முடிவு இதுதான். "நேரே மேலே சுட்டேன், அது இங்கேதான் எங்காவது விழுந்திருக்கும்" என்று சொல்பவர் இந்தக் கணக்கை நினைவில் கொள்ள வேண்டும்.

நொடிக்கு 90 மீட்டர் என்பதைப் பலர் ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். கிளம்பும்போது இருந்த ஆற்றலில் அது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் ஒரு கிரிக்கெட் பந்து அதைவிட அதிக ஆற்றலைச் சுமந்து வருகிறது. ஆனால் பந்தின் அடி உள்ளங்கை அளவுக்குப் பரவுகிறது. குண்டின் அடியோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இடத்தில் இறங்குகிறது. சிறு உலோகத் துண்டுகள் மனிதத் தோலைத் துளைக்க நொடிக்கு 45 முதல் 60 மீட்டர் வேகம் போதுமானது என்பது தடயவியலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அந்த எல்லையைத் தாண்டித்தான் குண்டு விழுகிறது. மண்டையோட்டின் மெல்லிய பகுதிகள், குறிப்பாகக் குழந்தைகளின் மண்டையோடு, இந்த வேகத்தைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

உண்மையில் யாரும் நேர் மேலே சுடுவதில்லை

மேலே சொன்னது சற்று ஆபத்துக் குறைந்த நிலைமை. கொண்டாட்டத்தில் சுடுபவர் மட்டக்கோல் வைத்துக் குழலை நிமிர்த்துவதில்லை. ஒரு கையில் கைபேசி அல்லது கோப்பை, மறு கையில் துப்பாக்கி, பக்கத்தில் தோளைப் பிடித்துத் தள்ளும் நண்பர்கள் என்ற நிலையில் குழல் எந்தக் கோணத்திலும் இருக்கலாம். இங்கேதான் ஆபத்து பல மடங்காகிறது.

நேர் மேலே சென்ற குண்டு உச்சியில் நின்று, பெரும்பாலும் அடிப்பக்கம் கீழாகவே விழுகிறது. சாய்வாகச் சென்ற குண்டு எந்த இடத்திலும் நிற்பதில்லை. பக்கவாட்டு வேகத்தையும் தன் சுழற்சியையும் தக்கவைத்துக்கொண்டு, முனை முன்னோக்கியவாறே வளைந்து இறங்குகிறது. காற்று அதன் கூரிய முனையைக் குறைவாகவே தடுப்பதால், தரையை அடையும்போது அது நேர் மேலிருந்து விழும் குண்டைவிடக் கணிசமாக வேகமாக இருக்கும். 30 பாகையை ஒட்டிய சாய்வில்தான் ரைஃபிள் குண்டு மிக அதிகத் தொலைவு செல்கிறது. பெரிய ரைஃபிளுக்கு அது நான்கைந்து கிலோமீட்டர். மிகச் சிறியதாகக் கருதப்படும் பாயிண்ட் 22 ரைஃபிளுக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு.

நேரே விழும் குண்டு கொல்லுமா, கொல்லாதா என்ற விவாதம் இணையத்தில் முடிவில்லாமல் நடக்கிறது. அறிவியல் ஆர்வத்துக்கு அது நல்ல கேள்வி. ஊரின் பாதுகாப்பைப் பொறுத்தவரை அது வழிதவறிய கேள்வி.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கொண்டாட்டச் சூட்டில் செய்தியாகும் மரணங்களில் பல, விழுந்த குண்டால் நேர்ந்தவை அல்ல. துப்பாக்கியை உயர்த்தும்போதோ, இறக்கும்போதோ, தோட்டா மாற்றும்போதோ, சிக்கிய தோட்டாவை எடுக்க முயலும்போதோ கூட்டத்துக்குள்ளேயே வெடித்தவை. 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் ஒரு திருமண நிகழ்ச்சியின் மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண் இறந்தது இப்படித்தான். குழல் வானத்தைப் பார்ப்பது சுடும் அந்த ஒரு நொடிதான். அதற்கு முன்னும் பின்னும் அது மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மலையில் என்ன மாறுகிறது?

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் கூடுதலாக மூன்று காரணிகள் சேர்கின்றன. அவற்றுள் முதலாவது மற்ற இரண்டையும்விட மிக முக்கியமானது.

1. எதிர்ச் சரிவு. சமவெளியில் குழலை 20 பாகை உயர்த்திச் சுட்டால், அது எல்லா வீடுகளுக்கும் மேலாகப் போய்விடும். மலையில் அதே 20 பாகைக்கு எதிரே ஊர் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி, 300 மீட்டர் உயரத்தில் ஒரு குடியிருப்பு இருந்தால், கீழே நிற்பவருக்கு அது வெறும் 17 பாகை உயரத்தில்தான் தெரியும். கேத்திப் பள்ளத்தாக்கின் அடியில் நிற்பவருக்குச் சுற்றியுள்ள ஹட்டிகளும் (படுகர் ஊர்கள்), வில்பட்டிப் பக்கம் நிற்பவருக்குக் கொடைக்கானல் நகரின் விளிம்பும், பூம்பாறையின் படிவயல்களில் நிற்பவருக்கு மேலே போகும் சாலையும் இவ்வாறு தலைக்கு மேலே அமைந்திருப்பவை. பகலில் இது கண்ணுக்குத் தெரியும். டிசம்பர், ஜனவரி இரவில் மூடுபனி இறங்கிய பின், எதிர் மலையும் வானமும் ஒரே இருட்டு. தான் வானத்தை நோக்கிச் சுட்டதாகவே சுட்டவர் நம்புவார். உண்மையில் அவர் இன்னோர் ஊரை நேரடியாகச் சுட்டிருப்பார். வளைந்து, வேகம் இழந்து விழும் குண்டன்று இது. கிளம்பிய ஓரிரு விநாடிகளிலேயே, ஒரு பெரிய ரைஃபிளானால் இன்னும் ஒலியின் வேகத்தை ஒட்டிய வேகத்தோடு, போய்ச் சேரும் குண்டு.

2. மெல்லிய காற்று. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,130 மீட்டர் அளவிலும் உள்ளன. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் குண்டு கூடுதல் தூரம் பறக்கும். விழும் வேகமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். ஹாட்சர் கணக்கின் 90 மீட்டர், உதகையில் 100 மீட்டரை நெருங்கும். இது தனியாகப் பெரிய வேறுபாடன்று. தோல் கிழிவதற்கும் எலும்பு உடைவதற்கும் இடைப்பட்ட எல்லையில் இருக்கும் ரவைகளுக்கு மட்டும் இந்தப் பத்தில் ஒரு பங்கு பொருட்படுத்தத்தக்கது.

3. கூரை. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலும், தாயகம் திரும்பிய தமிழர்களுக்கான பழைய குடியிருப்புகளிலும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும்தான் கூரை. கான்கிரீட் தளத்தின் கீழ் உறங்குபவருக்குக் கிடைக்கும் காப்பு, ஆண்டுகள் பல வெயிலும் மழையும் தின்ற தகட்டின் கீழ் உறங்குபவருக்குக் கிடைப்பதில்லை. சாய்வாக வரும் ரைஃபிள் குண்டுக்கு அந்தத் தகடு ஒரு பொருட்டே அன்று.

இங்கே ஒரு தவறான ஊகத்தையும் விலக்க வேண்டும். மேட்டிலிருந்து சுட்டால், ஆயிரம் மீட்டருக்கும் மேல் தாழ்வாக உள்ள மேட்டுப்பாளையத்தையோ வத்தலக்குண்டையோ அடையும்போது குண்டின் வேகம் பயங்கரமாகக் கூடியிருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். முற்றுத் திசைவேகத்தை அடைந்த பொருள், கூடுதலாக எவ்வளவு ஆழம் விழுந்தாலும் வேகம் பெறுவதில்லை. கீழே அடர்த்தியான காற்றுக்குள் வரும்போது அதன் வேகம் சற்றுக் குறையவும் செய்யும். சரிவின் ஆபத்து வேகத்தில் இல்லை. எங்கே விழும் என்பதைச் சுட்டவரால் கணிக்கவே முடியாது என்பதில் இருக்கிறது.

எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம்?

மலையில் அதிகம் புழங்குபவை ரவைத் துப்பாக்கிகள் என்பதால் இதைத் தனியே பார்க்கலாம். வழவழப்பான குழலிலிருந்து செல்லும் ஈய உருண்டைகளுக்குப் பிரெஞ்சுப் படை அதிகாரி ஜூர்னே வகுத்த பழைய விதி ஒன்று உண்டு. மெட்ரிக் அளவில் சொன்னால், உருண்டையின் விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 80 மீட்டர் தூரம். மலையின் மெல்லிய காற்றில் இது இன்னும் கூடும்.

1. இரண்டரை மில்லிமீட்டர் பறவை ரவை 200 மீட்டர் அளவில் அடங்கும். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில், ஆலங்கட்டி போலத்தான் விழும். அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணைத் தவிர வேறெங்கும் பெரிய தீங்கு செய்வது அரிது.

2. 9 மில்லிமீட்டர் எல்.ஜி. ரவை 700 மீட்டர் வரை செல்லும். விழும் வேகம் நொடிக்கு 50 மீட்டரை ஒட்டியது. தோலைத் துளைக்கும் எல்லைக்கோட்டின்மீதே நிற்கிறது.

3. 12 போர் துப்பாக்கியில் ஒற்றை உருண்டை போட்டால், ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம் போகும். 35 கிராம் ஈயம் நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் விழுவது, ரைஃபிள் குண்டு நேரே விழுவதைவிட இருமடங்கு ஆற்றல் கொண்டது. "ரைஃபிள் இல்லை, வெறும் 12 போர்தான்" என்ற சமாதானம் இந்த இடத்தில் உடைகிறது.

4. நாட்டுத் துப்பாக்கிக்கு எந்த விதியும் பொருந்தாது. அதில் எவ்வளவு மருந்து, என்ன உலோகம், எந்தக் குழாய் என்பது செய்தவருக்கே சரியாகத் தெரியாது.

ஏரிக்கரைக் கடைகளில் பலூன் சுடும் ஏர் கன் இந்தப் பட்டியலில் சேராது. அதன் ரவை அரை கிராம் எடைதான். மேலிருந்து விழுந்து உயிரைப் பறிக்காது. நேரடியாகச் சுட்டால் கண்ணைப் பறிக்கும்.

குண்டு போடாமல் சுட்டால்?

இதைப் பலர் பாதுகாப்பான வழியாகக் கருதுகிறார்கள். பாதி உண்மைதான். வெற்றுத் தோட்டாவில் கீழே விழ எதுவும் இல்லை என்பது சரி. ஆனால் குழல்முனையிலிருந்து பீறிடும் வெப்பக் காற்றும் அடைப்பு நாரும் அருகில் இருப்பவரைக் கொல்லப் போதுமானவை. 1984இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர், படப்பிடிப்பின் இடைவேளையில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தலையில் வைத்துச் சுட்டு இறந்தார். அரசு மரியாதைகளில் துப்பாக்கி முழங்குவது பயிற்சி பெற்ற அணி, குறித்த இடைவெளி, கட்டளைக்கு ஏற்ற இயக்கம் ஆகியவற்றோடு சேர்ந்தது. அதை வீட்டு வாசலில் படியெடுக்க முடியாது.

நாட்டுத் துப்பாக்கியில் நிலைமை இன்னும் மோசம். வேட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்பதற்காக வழக்கத்தைவிடக் கூடுதல் கருமருந்தைப் போட்டு, துணியையோ தேங்காய் நாரையோ வைத்து இறுக இடிக்கிறார்கள். தண்ணீர்க் குழாயிலிருந்தோ வாகனத்தின் ஸ்டீயரிங் ராடிலிருந்தோ செய்யப்பட்ட குழல் அந்த அழுத்தத்துக்காக வார்க்கப்பட்டதன்று. பற்றவைப்புப் பகுதியில் குழல் பிளந்தால், முதலில் போவது சுட்டவரின் விரல்களும் முகமும். அதிர்வேட்டின் சத்தம் வேண்டுமென்றால், அதை உரிமம் பெற்ற வாணவேடிக்கைக்காரர், கூட்டத்தைத் தள்ளி நிறுத்தித் தரையில் வைத்து வெடிப்பதே முறை. தோளில் வைத்துச் செய்கிற வேலை அன்று அது.

உடலில் பட்டால்

விழும் குண்டுகளின் காயங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிங்-ட்ரூ மருத்துவ மையத்தினுடையது. 1985 முதல் 1992 வரை அங்கே இத்தகைய காயத்துடன் வந்தவர்கள் 118 பேர். இறந்தவர்கள் 38 பேர். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குத் தலையில் காயம். மற்றொரு பதிவு போர்ட்டோ ரிக்கோ தீவினுடையது: 2003 டிசம்பர் 31 இரவும் 2004 ஜனவரி முதல் நாளும் சேர்த்து 19 பேர் காயமடைந்தனர், ஒருவர் இறந்தார். நிற்கும் மனிதரை மேலிருந்து பார்த்தால் தெரிவது தலையும் தோளும் பாதமும்தான் என்பதால், காயங்களும் அந்த இடங்களிலேயே அமைகின்றன. இந்த எண்களை ஆராயும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே அவை கணக்கில் கொள்கின்றன. சட்டையைக் கிழித்துக்கொண்டு போன குண்டும், தோட்டத்து மண்ணில் புதைந்த குண்டும் எந்தப் பதிவிலும் இல்லை.

பட்டவருக்குத் தான் சுடப்பட்டது பெரும்பாலும் தெரியாது. பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே தனி வெடி கேட்காது. கேட்டாலும் பள்ளத்தாக்கின் எதிரொலி திசையைக் குழப்பிவிடும். யாரோ கல்லெறிந்ததாகவோ, தடுக்கி விழுந்ததாகவோ எண்ணித் தலையில் மஞ்சள் பொடியைப் போட்டுப் படுத்துவிடும் வாய்ப்பு உண்டு. திருவிழா இரவில், காரணம் புரியாத சிறு ஓட்டை போன்ற காயம் தலையில் இருந்து, அதோடு வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், தாமதமின்றி ஸ்கேன் எடுக்க வேண்டும். தலைக்குள் அறுவை தேவைப்படும் நிலையில், உதகையிலிருந்து கோவை ஏறத்தாழ 85 கிலோமீட்டர், கொடைக்கானலிலிருந்து மதுரை 120 கிலோமீட்டர். புத்தாண்டு நெரிசலில் கொண்டை ஊசி வளைவுகளில் 108 வாகனம் எவ்வளவு வேகமாக இறங்க முடியும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தில் 2019 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தம், கொண்டாட்டச் சூட்டைத் தனிக் குற்றமாக்கியது. பொதுக்கூட்டம், வழிபாட்டிடம், திருமணம் அல்லது வேறு நிகழ்ச்சியில், பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளையும்படி சுட்டால், 25ஆம் பிரிவின் 9ஆம் உட்பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. ஆபத்து விளைந்தாலே போதும்.

2. துப்பாக்கிக்கு உரிமமே இல்லையென்றால் அது தனிக் குற்றம். அதே திருத்தம் அதற்கான தண்டனையைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் என்று உயர்த்தியது.

3. உயிர் போனால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறை. மரணம் விளையக்கூடும் என்று அறிந்தே செய்ததாக நீதிமன்றம் கருதினால், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற கடுமையான பிரிவுக்கு வழக்கு நகரும்.

4. முதுமலையிலோ கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்திலோ முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவதையே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. எல்லையோரத் தங்கும் விடுதிகளில் புத்தாண்டு கொண்டாடுபவர்கள் இதைச் சேர்த்தே எண்ண வேண்டும். வெடிச் சத்தத்தில் மிரளும் யானை எந்தக் குடியிருப்புக்குள் புகும் என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"குடகில் சுடுகிறார்களே" என்ற கேள்வி கூடலூர்ப் பக்கம் எப்போதும் எழும். குடகர்களுக்கும் அங்குள்ள ஜம்மா (பரம்பரை உரிமை) நில உரிமையாளர்களுக்கும் சட்டம் தந்திருப்பது, சில வகைத் துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்துக்கொள்ளும் விலக்கு. அது குடகுக்கு உரியது. நீலகிரியில் வாழும் எவருக்கும் அது பொருந்தாது. வைத்திருப்பதற்கான விலக்கு, பிறரை ஆபத்துக்கு உள்ளாக்குவதற்கான விலக்காகவும் ஆகாது.

"போலீஸ்காரர்களே வானத்தை நோக்கிச் சுடுகிறார்களே" என்பது அடுத்த கேள்வி. எச்சரிக்கைக்காக வானத்தில் சுட்டதாகச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் கூட்டத்தைக் கலைப்பதற்கான காவல் துறை மாதிரி விதிகள் தலைக்கு மேலே சுடுவதை ஏற்பதில்லை. குழப்பத்தில் தொடர்பே இல்லாத, தொலைவில் நிற்கும் ஒருவர்மீது அது விழும் என்பதே காரணம்.

சுட்டது யார் என்று எப்படித் தெரியும்?

உரிமம் பெற்றவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: குண்டு எங்கோ போய் விழுந்தால், அது யாருடையது என்று யார் கண்டுபிடிப்பார்கள்? ரைஃபிளிலும் கைத்துப்பாக்கியிலும் குழலின் வரிகள் குண்டின்மீது கீறல்களாகப் பதிகின்றன. தடய அறிவியல் ஆய்வகத்தில் சந்தேகத்துக்குரிய துப்பாக்கியைச் சோதனையாகச் சுட்டு, இரண்டு குண்டுகளையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒப்பிடுவார்கள். எனவே கூரையில் ஓட்டையோ, முற்றத்தில் குண்டோ கண்டால், அதைக் கழுவாமல், தேய்க்காமல், தாளில் பொதிந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டையை அடைக்கும் முன் அதன் சாய்வு தெரியுமாறு படம் எடுப்பதும் உதவும். கூரையின் ஓட்டையையும் உள்ளே தரையில் பட்ட இடத்தையும் ஒரு நூலால் இணைத்தால், குண்டு எந்தச் சரிவின் பக்கமிருந்து வந்தது என்பது தோராயமாகத் தெரிந்துவிடும்.

வழவழப்பான குழலில் இந்தக் கீறல்கள் பதிவதில்லை. ஒரு ரவையை வைத்துக்கொண்டு எந்த 12 போர் அதைச் சுட்டது என்று சொல்ல முடியாது. அங்கே சான்றாக இருப்பது காலித் தோட்டாக் கூடு. அதன் அடிப்பொட்டில் சுடு ஊசியின் தடம் பதிந்திருக்கும். அந்தக் கூடு கிடப்பது அடிபட்டவரின் வீட்டில் அன்று, சுட்டவர் நின்ற இடத்தில். வாய் வழியே மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கோ அந்தக் கூடும் கிடையாது. அத்தகைய வழக்குகளில் விசாரணை, அன்றிரவு அங்கே கூடியிருந்தவர்களின் சாட்சியத்தையும் அவர்கள் கைபேசியில் எடுத்த காணொளியையும் நம்பியே நகர்கிறது.